ஒரே திராட்சை, மூன்று ஊர்: சிரா ஒயினை ஒப்பிட்டுச் சுவைக்கும் முறை

ஒயின் பழகத் தொடங்குபவர்கள் இன்று கபெர்னே, நாளை மெர்லோ என்று திராட்சை விட்டுத் திராட்சை தாவுவார்கள். இப்படிக் குடித்தால் எது திராட்சையின் குணம், எது ஊரின் குணம் என்று பிரித்தறிய வழியில்லை. திராட்சையை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றுங்கள்; ஒரே மாலையில் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

இதற்கு ஏற்றது சிரா. ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் ஷிராஸ் என்று விற்பது இதே திராட்சைதான். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்ற கதை வெறும் கதை. டுரேசா, மாந்தேஸ் பிளான்ஷ் என்ற தென்கிழக்கு பிரான்ஸின் இரண்டு திராட்சைகளுக்குப் பிறந்தது இது என்று 1998-இல் மரபணுச் சோதனை காட்டிவிட்டது.

படி 1: மூன்று புட்டிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்று, பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் உள்ள குரோஸ்-எர்மிதாஜ். லேபிளில் சிரா என்று எழுதியிருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். இரண்டு, ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸ். மூன்று, நாசிக் ஷிராஸ்.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். புது ஓக் பீப்பாயில் ஊறிய ஒயினில் வனிலாவும், அமெரிக்க ஓக் என்றால் தேங்காய் வாசனையும் ஏறிவிடும். அதை ஊரின் குணம் என்று நினைத்துவிடுவோம். ‘ரிசர்வ்’ என்று எழுதிய விலை கூடிய புட்டிகளை விட்டுவிட்டு, அந்தந்தத் தயாரிப்பாளரின் அடிப்படைப் புட்டியை வாங்குங்கள். மூன்றிலும் அறுவடை ஆண்டு இரண்டு மூன்று வருட இடைவெளிக்குள் இருக்கட்டும். பரோசாவில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ரோனில் செப்டம்பரில். ஆகவே ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் பரோசா ஒயின் அரை வருடம் மூத்தது.

படி 2: நாக்கைத் தயார் செய்தல்

ஒயினைத் திறக்குமுன் மூன்று கிண்ணங்கள் வையுங்கள்: பாதி எலுமிச்சை பிழிந்த ஒரு டம்ளர் தண்ணீர், பத்து நிமிடம் ஊறிய சர்க்கரை இல்லாத கறுப்புத் தேநீர், நசுக்கிய நாலைந்து மிளகு. முதலாவது புளிப்பு: விழுங்கியதும் வாயோரத்தில் எச்சில் சுரக்கும். இரண்டாவது துவர்ப்பு: ஈறும் உதட்டின் உட்புறமும் வறண்டு இழுக்கும். வாழைப்பூ நறுக்கியவர்களுக்கும் பாக்கு மென்றவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. துவர்ப்பைக் கசப்பு என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் வேறு. மிளகை மோந்து மட்டும் பாருங்கள்.

படி 3: குளிர்ச்சி

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கல்வீடுகளுக்கு எழுதிய விதி. நம் ஊர் அறையில் 30 டிகிரி இருக்கும். அதில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், மூன்றுமே வெப்பமான ஊரில் விளைந்தவைபோலத் தோன்றும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் புட்டிகளைச் சுமார் 15 நிமிடம் வைத்து, 16–18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் யூகிக்க வேண்டாம். ரொம்பவும் குளிர்ந்துவிட்டால் மணம் அடங்கி, துவர்ப்பு தூக்கலாகிவிடும். கிளாஸை உள்ளங்கையில் ஏந்திச் சற்றுக் காத்திருங்கள்.

படி 4: ஊற்றுதல்

ஒருவருக்கு ஒவ்வொன்றிலும் 50 மில்லி போதும். ஒரு புட்டியில் 750 மில்லி, பதினைந்து பேருக்குக் காணும். கிளாஸ்களின் அடியில் எண் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றச் சொல்லுங்கள். புட்டி கண்ணில் பட்டால் மூக்கு பொய் சொல்லும். அத்தர், ஊதுவத்தி, அடுப்பில் தாளிப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

படி 5: மோந்து பார்த்தல்

கிளாஸைச் சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை. ஈர அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் அது கார்க்கின் கோளாறு, ஊரின் குணமல்ல. அந்தப் புட்டியை விலக்கிவிடுங்கள்.

சிராவில் முதலில் தேட வேண்டியது மிளகு. இது உவமை அல்ல. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற அதே மூலக்கூறு சிராவின் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். குளிர்ந்த ஊரில், நிழலில் தொங்கும் குலையில் இது கூடும். வெயில் நேராகப் பட்டால் குறையும். எனவே மிளகு தூக்கலான கிளாஸ் பெரும்பாலும் ரோன். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூக்குக்கு ரோட்டண்டோன் எட்டாது. படி 2-இல் மிளகை மோந்தபோது சரியாகத் தெரிந்தவருக்கும் ஒயினில் தெரியாமல் போகலாம், ஏனென்றால் மிளகில் வேறு மணங்களும் உண்டு. அவரோடு சண்டை போடாதீர்கள்.

பழ மணம் பச்சையா, கனிந்ததா, ஜாம்போலக் காய்ச்சியதா என்று மட்டும் குறியுங்கள். பட்டியலில் இருபது பழங்களின் பெயர் எழுதுவதால் பயனில்லை.

படி 6: வாயில் மூன்று அளவு

ஒரு மிடறு எடுத்துப் பத்து நொடி வைத்திருந்து விழுங்குங்கள், அல்லது துப்புங்கள். எச்சில் எவ்வளவு சுரக்கிறது, ஈறு எவ்வளவு இழுக்கிறது, தொண்டையில் சூடு எவ்வளவு: மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அடுத்த கிளாஸுக்குமுன் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும்.

படி 7: எண்களை ஊரோடு பொருத்துதல்

சூட்டிலிருந்து தொடங்குங்கள்; தொண்டையில் தெரிந்த சூடு ஆல்கஹாலின் வேலை. பழச்சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் ஆகும். 13 விழுக்காட்டுக்கு 221 கிராம், 14.5-க்கு 247 கிராம் அளவில். நீண்ட, வறண்ட கோடை கொண்ட பரோசாவில் அந்தச் சர்க்கரை எளிதில் சேரும். 45-ஆம் வடக்கு அட்சரேகையில் இருக்கும் ரோனில் பழம் அந்த அளவை எட்டுவது சிரமம்.

புளிப்பில் இரண்டு அமிலங்கள் முக்கியம். டார்டாரிக் அமிலம் வெக்கையான ஊரிலும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். மாலிக் அமிலத்தைப் பழமே மூச்சுவிட்டுச் செலவழிக்கும்; இரவு வெக்கையாக இருந்தால் செலவு கூடும். அதனால் குளிர்ந்த ஊர் ஒயினில் எச்சில் அதிகம் சுரக்கும். ஒரு விதிவிலக்கு: ஆஸ்திரேலியாவில் டார்டாரிக் அமிலம் சேர்க்க அனுமதி உண்டு. பரோசாவில் புளிப்பு நன்றாக இருந்தால் இரவுக் குளிர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நாசிக்தான் குழப்பும். 20-ஆம் அட்சரேகையில், தக்காணப் பீடபூமியில் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் அங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கமே கிடையாது. அதனால் ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் ஒன்று என இரண்டு கவாத்து, அதாவது கிளை வெட்டு. உறங்காத கொடியில் மொட்டுகள் ஒன்றுபோல வெடிக்காது என்பதால் மொட்டுகளை ஒருசேர வெடிக்க வைக்கும் ஹைட்ரஜன் சயனமைடு என்ற வேதிப்பொருளைப் பூசுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கச் சந்தைக்கு வருவதும் இந்த உறக்கமின்மையால்தான். நாசிக்கில் பழம் குளிர்காலத்தில் வளர்ந்து, வெயில் ஏறும்போது அறுவடைக்கு வருகிறது. ரோனில் நடப்பதற்கு நேர்த் தலைகீழ். பறிப்பதைச் சில நாள் தள்ளிப்போட்டால் அமிலம் சரிந்துவிடும், அவசரப்பட்டால் தோலும் விதையும் பச்சையாகவே இருக்கும். உங்கள் கிளாஸில் காய்ச்சிய பழ மணமும் பச்சைத் துவர்ப்பும் ஒருசேர இருந்தால் இந்த இழுபறியைத்தான் சுவைக்கிறீர்கள்.

மண்ணைக் கடைசியில் எடுங்கள். கருங்கல் சரிவில் விளைந்த ஒயினில் கல் வாசனை வரும் என்பதை நம்ப வேண்டாம். வேர் கல்லை உறிஞ்சிக் குலைக்கு அனுப்புவதில்லை. மண்ணின் வேலை தண்ணீர்க் கணக்கு. வடிகால் நன்றாக இருந்தால் கொடி லேசாக வாடி, காய் சிறுக்கும். காய் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் விகிதம் கூடும். நிறமும் துவர்ப்பும் பெருமளவு தோலில்தான் இருக்கின்றன.

அடுத்த முறை

இப்போது ஊரை நிறுத்தி, திராட்சையை மாற்றுங்கள்: பரோசா ஷிராஸுக்குப் பக்கத்தில் பரோசா கபெர்னே சொவிஞான். மிளகுக்குப் பதில் நறுக்கிய குடைமிளகாய் மணத்தைத் தேடுங்கள். அது பைரஸீன் என்ற மணப்பொருள், கபெர்னேயின் பரம்பரைச் சொத்து. காய் பழுக்கப் பழுக்க அது கரையும். அதனால் வெயில் கொளுத்தும் பரோசாவில் மெலிதாகவே இருக்கும். தெரியவே இல்லையென்றால் குளிர்ந்த ஊரின் கபெர்னே ஒன்றை மூன்றாவது கிளாஸாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.