பாதியில திரும்பத் தெரியாம பண்ற தப்புங்க

பெரிய இலக்கு வச்சுட்டு கிளம்புறவங்க பண்ற மொத தப்பு, எங்க நிறுத்தணும்ங்கறத போயிட்டு இருக்கும்போது யோசிக்கறது. மலையேறுறவங்க கிளம்பும்போதே ஒரு டைம் பிக்ஸ் பண்ணிடுவாங்க, அதுக்குள்ள உச்சிய தொடலன்னா எவ்ளோ கிட்ட இருந்தாலும் திரும்பிடணும், ஏன்னா 8000 மீட்டருக்கு மேல மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்துல கிடைக்கறதுல மூணுல ஒரு பங்குதான், அங்க போயி மூளைகிட்ட கேட்டா 'இன்னும் கொஞ்சம்தானே'ன்னுதான் சொல்லும். 1996 மே 10, எவரெஸ்ட்ல மதியம் 2 மணி தாண்டியும் நிறைய பேர் ஏறிட்டே இருந்தாங்க, சாயங்காலம் புயல் புடிச்சுக்கிச்சு, 8 பேர் செத்தாங்க.

அதே மாசம் 3ஆம் தேதி யோரான் க்ராப்னு ஒரு ஸ்வீடன்காரர் (ஊர்லருந்து சைக்கிள் மிதிச்சே வந்த மனுசன்!) உச்சிக்கு சுமார் 100 மீட்டர் கீழ வரைக்கும் போயிட்டு, இதுக்கு மேல போனா பத்திரமா இறங்க முடியாதுன்னு திரும்பிட்டாரு. 23ஆம் தேதி மறுபடி ஏறி தொட்டுட்டாரு.

அடுத்தது, போற கணக்கு மட்டும் போடுறது. அண்டார்டிகாவுக்கு பயணம் போன ஷாக்கில்டன் 1909 ஜனவரி 9ல தென் துருவத்துக்கு சுமார் 180 கிலோமீட்டர் இருக்கும்போது திரும்புனாரு. அங்க போறது முடியாத காரியமில்ல, திரும்பி வர சாப்பாடு பத்தாது, அவ்ளோதான். கூட வந்த மூணு பேரும் உயிரோட வந்தாங்க. பரீட்சை, பிசினஸ், மாரத்தான் எதுவா இருந்தாலும் முடிச்சதுக்கு அப்புறம் உடம்பும் சேமிப்பும் எவ்ளோ மிச்சம் இருக்கும்னு எத்தன பேர் பாக்கறோம்?

'இவ்ளோ வருஷம் போட்டாச்சே'ங்கற புலம்பல் தெரிஞ்ச கதை, போனது போனதுதான், இனிமே ஆகப்போற செலவ மட்டும் பாருங்க.

இதுக்கு நேர் எதிர் தப்பும் இருக்கு. ரொம்ப மோசமான ஒரு நாள்ல, தூக்கமில்லாம, ரிஜெக்ட் ஆன கையோட விட்டுடறது. முன்னாடி போட்ட லிமிட் வந்துடுச்சான்னு பாருங்க, வரலன்னா தூங்கி எந்திரிச்சு யோசிங்க.

எனக்கு பெரிய தப்பா தோணுறது 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சும்மா விடறதுதான். விட்ட சூட்டோட எது உதைச்சுதுன்னு எழுதி வைங்க, நேரம் சரியில்லயா, தயாரிப்பு பத்தலயா, இல்ல நமக்கே ஆசை போயிடுச்சா. மொத ரெண்டுன்னா எது மாறுனா மறுபடி ஆரம்பிப்பேன்னு பக்கத்துலயே எழுதிடுங்க, அது மாறாம திரும்ப இறங்குனா அதே எடத்துலதான் முட்டும். மூணாவதுன்னா லிஸ்ட்லருந்தே அடிச்சுடுங்க, யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்ல.