புதுச்சேரிக்கு வடக்கே, பக்கிங்காம் கால்வாய் முடியும் இடம்

ஊருக்கு வரும்போது புதுச்சேரியில் தங்குகிறீர்களா? ஒரு காலைப்பொழுதை மரக்காணத்துக்கு ஒதுக்குங்கள். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் அங்கேதான் முடிகிறது.

உப்பும் விறகும் ஏற்றிப் படகுகள் போன வழி அது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. துண்டை வெட்டியவர்கள் 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் சுமந்த ஜனங்கள். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றானது அதனால்தான். அதே பஞ்சத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி, கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போனவர்களும் உண்டு. உங்கள் முன்னோர் அப்படிப் போனவர்கள் என்றால், இந்தக் கரையில் சற்று நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் பஸ்ஸில் ஏறுங்கள். சுமார் 35 கி.மீ. மரக்காணத்தில் நிற்குமா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, கால்வாயை எப்படி அடையாளம் காண்பது? போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உப்பங்கழி வளைந்து நெளிந்து போகும். மனிதர் வெட்டியது கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். நேரில் பார்த்தால் தூர்ந்துபோய்ச் சாதாரண ஓடை போலத் தெரியும். கரையில் குனிந்து பாருங்கள்: சிவந்த உமரிச் செடி, மண்ணோடு கலந்த கிளிஞ்சல் துண்டுகள், காய்ந்த சேற்றின் மேல் வெள்ளையாய்ப் பூத்த உப்பு. புயல்கள் சிதைத்து, லாரிகள் சரக்கை எடுத்துக்கொண்ட பிறகு படகு வரத்து நின்றுபோனது.

வழி தெரியாவிட்டால் உப்பளத்தில் வேலை செய்பவர்களிடம், “அண்ணே, அந்தக் காலத்துப் படகுக் கால்வாய் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். வெயில் ஏறும் முன்பே அவர்கள் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். அதனால் விடியற்காலையில் போங்கள். கேட்டுக்கொண்டு வரப்பில் மட்டும் நடங்கள், பாத்தியில் கால் வைக்காதீர்கள். ஒரு மிதி விழுந்தாலும் உப்பில் சேறு கலந்துவிடும், அது அவர்கள் கூலி.

உப்புக் குவியலைப் பார்க்கக் கோடை நல்லது. டிசம்பர் விடுமுறையில் வந்தால் பாத்திகளில் மழைநீர்தான் நிற்கும். ஆனால் பக்கத்திலுள்ள கழுவெளி என்ற சதுப்பு ஏரியில் வலசைப் பறவைகள் இருக்கும். அது 2021 முதல் சரணாலயம், ஆகவே உள்ளே போக வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். அப்புறம், நேரம் இருந்தால் வடக்கே கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டைக்குப் போய், இடிந்த மதிலிலிருந்து உப்பங்கழியைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.