யூஎஸ்பி வைஃபை அடாப்டர் உபுண்டுவில் படுத்துகிறதா? நான் சரிசெய்த வழி

போன ஐப்பசியில் இடி இறங்கியதில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரின் லேன் போர்ட் போய்விட்டது. குமுளிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், துலாவர்ஷம் தொடங்கிவிட்டால் மதியத்துக்கு மேல் எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போடுவோம். அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கியவர்கள், மோடத்திலிருந்து வரும் நெட் கேபிளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டரில் மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. அக்கா மகள் பத்தாவது, தமிழ் மீடியம். கேரளத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பாடம் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வைத்துக் கேரள அரசின் கைட் நிறுவனம் உருவாக்கித் தரும் லினக்ஸ்தான் லேபில் ஓடுகிறது. அதனால் வீட்டிலும் உபுண்டு 22.04 போட்டுக் கொடுத்திருந்தேன். மலை இறங்கி கம்பத்துக்குப் போய் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி வந்து செருகினோம். ஒன்றும் வரவில்லை. நான்கு நாள் போனது. என்ன கருவி என்று பார்க்காமலேயே டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) தேடிப் போனதுதான் நான் செய்த தப்பு. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பேரெழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: நெட்டுக்குச் செல்போன்

வைஃபை இல்லாமல் வைஃபைக்கு வேண்டியதை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் கேபிளால் இணைத்து, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். உபுண்டு அதை லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பென்டிரைவில் ஃபைல் ஃபைலாகச் சுமப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 1: உள்ளே இருக்கும் சிப் எது?

அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு சிப் வைத்த அடாப்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று அடியுங்கள். செருகாமல் ஒரு முறை, செருகிய பின் ஒரு முறை. புதிதாக வந்த வரி உங்கள் அடாப்டர். அதில் நடுவே முக்காற்புள்ளி வைத்து நான்கு நான்கு எழுத்தாக ஓர் அடையாள எண் இருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனித் தேடுவதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

படி 2: நான் மாட்டிக்கொண்ட இடம்

எனக்கு வந்த எண் '0பிடிஏ:1ஏ2பி'. அதைத் தேடி, யாரோ சொன்ன டிரைவரை இறக்கி, கம்பைல் செய்து (மூல நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றி), ரீபூட் செய்து பார்த்தேன். வைஃபை வரவில்லை. இன்னொரு டிரைவர், மறுபடி கம்பைல். இப்படியே மூன்று நாள்.

நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் கேட்டாள், "மாமா, இது சிடி டிரைவா? இங்க சிடி படம் வந்திருக்கு."

உண்மைதான். டெஸ்க்டாப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிடி ஐகான். நானும் பார்த்திருந்தேன், பொருட்படுத்தவில்லை.

விஷயம் இதுதான். இந்த வகை அடாப்டர்களின் வயிற்றுக்குள் விண்டோஸ் டிரைவரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். செருகியதும் அது முதலில் தன்னை ஒரு சிடி டிரைவாகத்தான் காட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதிலிருந்து டிரைவரை நிறுவிக்கொண்டு, சிடியை வெளியே தள்ளும். அப்போதுதான் அது வைஃபை கருவியாக மாறும், அடையாள எண்ணும் மாறும். '1ஏ2பி' என்பது சிடி வேடத்தின் எண். அந்த வேடத்தில் இருக்கும்வரை எந்த வைஃபை டிரைவரைப் போட்டாலும் அதற்குக் கருவியே கண்ணில் படாது.

சிடி ஐகானில் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்துப் பார்த்தேன். மறுபடி 'எல்எஸ்யூஎஸ்பி' அடித்தபோது எண் '0பிடிஏ:சி811' என்று மாறியிருந்தது. அது 8811சியு, 8821சியு சிப்களின் எண்.

ஒவ்வொரு முறையும் கையால் எஜெக்ட் செய்துகொண்டிருக்க முடியாது. இதற்கென்றே 'யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற பொதி (பேக்கேஜ்) இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லை. 'சூடோ ஏபிடி இன்ஸ்டால்' என்று அடித்து, அடுத்து இந்தப் பொதியின் பெயரைக் கொடுங்கள். ('சூடோ' என்றால் அட்மின் உரிமையோடு செய் என்று பொருள்.) பிறகு அடாப்டரைப் பிடுங்கிச் செருகுங்கள். பல அடாப்டர்களுக்கு இதுவே போதும், தானாக மாறிக்கொள்ளும்.

மாறாவிட்டால் கட்டளையைக் கையால் கொடுத்துப் பாருங்கள்: 'சூடோ யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -கே -வி 0பிடிஏ -பி 1ஏ2பி'. இங்கே இரண்டு இடத்தில் கை தவறும். பொதியின் பெயரில் நடுவே சிறுகோடு. கட்டளையின் பெயரில் அடிக்கோடு. அப்புறம் அந்த 'கே' பேரெழுத்து. 'எஜெக்ட் செய்' என்பதுதான் அதன் பொருள்.

படி 3: கர்னல் பதிப்பு

கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. 'யூநேம் -ஆர்' என்று அடித்தால் அதன் பதிப்பு எண் வரும். எங்களுக்கு 5.15. கம்ப்யூட்டரை வெகுநாள் அப்டேட் செய்யாமல் வைத்திருந்தோம்.

8821சியு, 8822பியு போன்ற சிப்களின் யூஎஸ்பி வடிவத்துக்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. டிரைவரின் பெயர் 'ஆர்டிடபிள்யூ88'. அதாவது வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை, கர்னலைப் புதுப்பித்தால் போதும். உபுண்டு 22.04க்கு 'லினக்ஸ்-ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-22.04' என்ற பொதியை நிறுவினால் 6.8 கர்னல் வந்துவிடும். சில நூறு எம்பி இறங்கும், போனில் டேட்டா இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கர்னலை அழிக்க வேண்டாம். புதியது தகராறு செய்தால், பூட் ஆகும்போது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' மெனுவில் பழையதைத் தேர்ந்துகொள்ளலாம்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்யச் சொல்பவர்கள் நிறைய. வேறு வழியே இல்லாத சிப்புக்கு அது சரி. அப்படி உழைத்து எழுதித் தருபவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் புதிதாக லினக்ஸுக்கு வந்தவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் 'டிகேஎம்எஸ்' என்ற கருவி அந்த டிரைவரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஒரு நாள் அது தோற்றால் நெட் இருக்காது. பரீட்சை நேரத்தில் ஒரு பிள்ளைக்கு அந்த நிலைமை வரக்கூடாது.

புதிதாக அடாப்டர் வாங்கப் போகிறவர்கள் எம்டி7612யு சிப் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். அதன் டிரைவர் 4.19 முதலே கர்னலில் இருக்கிறது.

படி 4: இணைகிறது, ஆனால் அறுந்து அறுந்து போகிறது

இதற்கு டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். 'சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ' என்று அடித்துத் திறந்து வையுங்கள். கர்னல் சொல்வதெல்லாம் அதில் ஓடும். இணைப்பு அறும் நொடியில் 'டிஸ்கனெக்ட்' என்ற சொல்லோ, எரர் -71, -110 என்ற எண்களோ வந்தால் போர்ட், கேபிள், மின்சாரம் மூன்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபினட்டின் முன்பக்க போர்ட்டிலிருந்து எடுத்துப் பின்னால், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். எங்களுக்குப் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது.

மறுபாதிக்குக் காரணம் வைஃபையின் மின்சேமிப்பு. 'ஈடிசி' ஃபோல்டருக்குள் 'நெட்வொர்க்மேனேஜர்', அதற்குள் 'கான்ஃப்.டி', அங்கே பெயரில் 'பவர்சேவ்' என்று வரும் ஒரு ஃபைல் இருக்கும். அதை நானோ எடிட்டரில் சூடோவுடன் திறங்கள். ('விம்' நல்ல கருவிதான், ஆனால் தொடக்கத்திலேயே வேண்டாம்.) 'வைஃபை.பவர்சேவ் = 3' என்று இருப்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் மின்சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. பிறகு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்'. இதிலும் மேலே சொன்ன ஃபோல்டர் பெயரிலும் நெட்வொர்க்கின் என், மேனேஜரின் எம் இரண்டும் பேரெழுத்து.

இன்னொன்று: யூஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். அடாப்டருக்குப் பக்கத்திலேயே ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வையுங்கள்.

பின்சேர்க்கை 1: கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர், டிரைவரைக் கம்பைல் செய்த பிறகும் 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று வருவதாக எழுதியிருந்தார். அது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் வேலை. கையொப்பமில்லாத டிரைவரை அது உள்ளே விடாது. உபுண்டுவின் கர்னலோடு வரும் டிரைவருக்கு இந்தத் தொல்லை இல்லை. படி 3ஐ நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்சேர்க்கை 2: நகரியிலிருந்து ஒரு தம்பி கர்னலைப் புதுப்பித்தும் நெட் தடுமாறுகிறது என்றார். பார்த்தால், முன்பு கம்பைல் செய்த டிரைவரும் கர்னலின் டிரைவரும் ஒரே கருவிக்கு அடித்துக்கொண்டிருந்தன. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று அடியுங்கள். பட்டியலில் பழைய வைஃபை டிரைவர் இருந்தால், 'டிகேஎம்எஸ் ரிமூவ்' கொடுத்து எடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 3: லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ரீபூட் தேவையில்லை. 'சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிடபிள்யூ88_8821சியு' என்று அடித்து டிரைவரை இறக்குங்கள். பிறகு '-ஆர்' இல்லாமல் அதே வரியை அடித்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். உங்கள் சிப் வேறாக இருந்தால் கடைசியில் வரும் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.