குமுளி சேச்சி வீட்டுக்குத் திராட்சை கொண்டுபோன கதை

கூட வேலை பார்த்த ஒருவருக்குப் பல வருஷம் கழித்து நன்றி சொல்லக் கிளம்புகிறீர்களா? 'நன்றி' என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஊர் எல்லையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று நிற்கிற போர்டுக்குத்தான் அது பொருந்தும். நெருங்கிப் பழகினவரிடம் சொன்னால், "என்ன இது புதுசா?" என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாவது தடவைதான் ஓரளவு சரியாகச் செய்தேன்.

நான் கம்பத்துக்காரி. ஏழு வருஷம் தினமும் பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, கேரள எல்லையில் இருக்கிற குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினேன். சேச்சி (மலையாளத்தில் அக்கா) அங்கே காய் தரம் பிரிக்கிற பெண்களில் மூத்தவர். உசத்தியான எட்டு எம்எம் காய் தனி, ஏழு தனி, வெடித்தது தனி. அவர் கையில் அள்ளினாலே போதும், சல்லடை அப்புறம் வந்து அதையேதான் சொல்லும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி, எல்லையில் வண்டிகள் நின்றுபோயின. மத்தியானமே கடைகளில் ஷட்டர் இறங்கியது. நான் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். சேச்சி, "பையை எடு" என்று மட்டும் சொன்னார். இரண்டு ராத்திரி அவர் வீட்டில் இருந்தேன்.

அது கார்த்திகை மாதம். என் வீட்டுக்காரர் மாலை போட்டிருந்ததால் நானும் கவிச்சி தொடுவதில்லை. இதை நான் சொல்லவே இல்லை. அடுத்தவர் வீட்டில் போய் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? ஆனால் ராத்திரி தட்டில் வந்தது கஞ்சியும் பயறும், தேங்காய்ச் சம்மந்தியும். "எங்களுக்கும் கிறிஸ்துமஸ் நோன்பு, மோளே" என்றார். சரி, நம் நல்ல நேரம் என்று நினைத்துச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலையில் குடையோடு செக்போஸ்ட் வரை கூடவே நடந்து வந்தார். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "என்றெ அனியத்தியா", என் தங்கச்சி, என்றார். அந்தப் பக்கம் என் தம்பி பைக்கோடு நின்றான்.

அப்புறம் நான் வேலையை விட்டேன், பிள்ளைகள் வளர்ந்தார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன.

முதல் தப்பு, வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு ஒரு நன்றி அனுப்பியது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய படத்துக்கு வேறென்ன பதில் வரும்? இரண்டாவது தப்பு, ஒரு பட்டுச் சேலை எடுத்து ஆள் மூலம் கொடுத்தனுப்பியது. பத்தே நாளில் அதே ஆளிடம் என் மகளுக்கு ஒரு வெள்ளிக் கொலுசு திரும்பி வந்தது. விலை உயர்ந்த பொருள் கொடுத்தால் எதிரே இருப்பவருக்கு அது கடனாகிவிடும். நாம் தீர்க்க நினைத்ததை அவர் தலையில் ஏற்றி வைக்கிறோம். அதனால் நேரில்தான் போக வேண்டும், கையில் நம் ஊர்ச் சாமான்தான் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் அது பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதற்கு முன்னாலும் அதே ருசிதான். வருஷம் முழுக்கக் கிடைக்கும் என்பதால் தேதிக் கவலை இல்லை. ஆனால் பாலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போகாதீர்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, குமுளி போய்ச் சேரும்போது ஜூஸ்தான் மிஞ்சும். அட்டைப்பெட்டியில் பேப்பர் விரித்து, மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற நேரமும் முக்கியம். ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை ஏலக்காய்க்காரர் யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. காய் வந்து குவியும். நான் மே மாதம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அவர் வீடு திரும்பிச் சேலை மாற்றி உட்காருகிற நேரம் பார்த்துப் போனேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ஆனால் முதல் நாள் சாயங்காலம் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்னால் சொன்னால் விருந்துக்கு ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

நம்பர் மாறிப்போயிருந்தால் பழைய முதலாளியிடம் விசாரிக்காதீர்கள், பழைய கணக்கெல்லாம் கிளம்பும். கடைக்கு எதிரே டீ போடுகிறவர், லாட்டரிச் சீட்டு விற்கிறவர், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர் ஆகிய மூன்று பேரில் ஒருவருக்குக் கட்டாயம் தெரியும். முதலில் ஆள் நல்லபடியாக இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் கடையில் எடை போட்ட அண்ணன் விஷயத்தில் நான் தாமதித்துவிட்டேன். அவர் மனைவியிடம்தான் சொல்ல முடிந்தது. அந்த அம்மா கேட்டுவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

போக முடியாதவர்கள் குரலில் பேசி அனுப்பலாம். சேச்சிக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. எழுதி அனுப்பினால் யாராவது படித்துக் காட்ட வேண்டும், பாதி விஷயம் நடுவிலேயே நின்றுவிடும்.

இனிப் பேச்சு. "நீங்க ரொம்ப நல்லவங்க" என்று ஆரம்பித்தால் அவர் சமையலறைக்கு எழுந்து போய்விடுவார். ஒரு நாளை எடுங்கள். எந்த மாதம், எந்த இடம், அவர் என்ன செய்தார், நீங்கள் அன்றைக்கு எப்படி இருந்தீர்கள். இவ்வளவு போதும். நான் கஞ்சியில் ஆரம்பித்தேன். இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல் வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். வேலை பார்த்த இடத்தில் ஒருத்தி எப்படி இருந்தாள் என்பது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சம்பளம் எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும்.

மறுப்பார்கள், மறுக்கட்டும். சேச்சி, "அதொன்னும் ஓர்ம இல்ல" என்று கையை வீசினார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நினைவுபடுத்தியே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் மூத்த மகனுக்கு ஞாபகம் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். "நோன்பா? இந்த வீட்டுல அம்மா மட்டும்தான் நோன்பு பிடிக்கும். அந்த ரெண்டு நாள் எங்க எல்லாரையும் சேர்த்துப் பிடிக்க வெச்சிருச்சு. வாங்கி வெச்சிருந்த மத்தி மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டாங்கன்னு அப்பன் சண்டை போட்டாரு" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. சேச்சி எழுந்து போய்த் திராட்சையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். கிளம்பும்போது பையில் எதையாவது திணிப்பார்கள். வேண்டாம் என்று மூன்று தடவை இழுபறி செய்வது நம் வழக்கம். ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கால் கிலோ காய் கிடைத்தது. பஸ்ஸில் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன். அத்தனையும் எட்டு எம்எம்.