கேஸ் டிடெக்டருக்கு வயர் கட்டி கரண்ட் கொடுப்பது எப்படி?

நரிமணம், குத்தாலம், திருமக்கோட்டை என்று நம்ம பக்கம் எரிவாயு புழங்கும் இடங்களில் ஹெல்பராகச் சேரும் தம்பிகள், டிரான்ஸ்மிட்டரை (கேஸ் அளவை மில்லி ஆம்ப் சிக்னலாகப் பேனலுக்கு அனுப்பும் டிடெக்டர்) கையில் கொடுத்ததும் எந்த வயர் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பேனலில் ஃபியூஸைக் கழற்றுங்கள், வேலை செய்ய பர்மிட் வாங்குங்கள், மீட்டரில் 0 வோல்ட் பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள். அது ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி, உள்ளே பொறி கிளம்பினாலும் நெருப்பு வெளியே போகாது. ஆனால் மூடி இறுக்கமாக இருந்தால்தான்.

மாட்டும் இடம்: மீத்தேன் காற்றைவிட லேசு, அதனால் கசியக்கூடிய இடத்துக்கு மேலே. எல்.பி.ஜி. கனம், தரையை ஒட்டி; மழைத்தண்ணீர் தேங்கும் மட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மீத்தேன் பார்க்கும் கேட்டலிட்டிக் வகைக்கு (சூடான சென்சாரில் கேஸை எரித்து அளப்பது) பெரும்பாலும் மூன்று வயர்: பிளஸ் 24 வோல்ட், மைனஸ், சிக்னல். ஷீல்டை (கேபிளுக்குள் வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறை) பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, டிடெக்டர் பக்கம் வெட்டி டேப் சுற்றுங்கள் (மேனுவல் வேறு மாதிரி சொன்னால் மேனுவல் சொல்வதுதான் சரி). நான் ஒரு தடவை இரண்டு பக்கமும் கட்டிவிட்டு, பக்கத்து பம்ப் ஓடும்போதெல்லாம் ரீடிங் ஏன் ஆடுகிறது என்று பாதி நாள் தேடியிருக்கிறேன்.

கேபிள் நீளத்தையும் கணக்குப் போடுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 500 மீட்டர் போய்த் திரும்பினால் 12 ஓம், டிடெக்டர் 250 மில்லி ஆம்ப் இழுத்தால் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். மீதி 21 வோல்ட் அதற்குப் போதுமா என்று மேனுவலில் பாருங்கள்.

அப்புறம் ஐப்பசி மழை. கேபிளை மேலிருந்து நேராகக் கிளாண்டுக்குள் (பெட்டிக்குள் கேபிள் நுழையும் இறுக்கு மூட்டு) விட்டால் தண்ணீர் அது வழியாகவே இறங்கும், அதனால் கிளாண்டுக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள், சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். சிலர் கிளாண்டைச் சுற்றி சிலிகான் பூசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! சிலிகான் ஆவி கேட்டலிட்டிக் சென்சாரைக் கொன்றுவிடும். டிடெக்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்கும், கேஸ் வந்தாலும்.

மூடியை இறுக்கிய பிறகுதான் ஃபியூஸ். முதலில் சென்சார் சூடேற வேண்டும், அதுவரை வரும் ரீடிங்கை நம்பாதீர்கள். அடங்கிய பிறகு சுத்தமான காற்றில் சிக்னல் 4 மில்லி ஆம்பில் நிற்க வேண்டும். 20 என்றால் 100 சதவீத எல்.இ.எல். (காற்றில் கேஸ் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு), மீத்தேனுக்கு அது காற்றில் சுமார் 5 சதவீதம்.

சோதிக்க லைட்டரைக் காட்டாதீர்கள், சென்சார் பாழாகும், அந்த இடத்தில் லைட்டரே கூடாது. கன்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டு (இல்லையென்றால் சைரன் அலறும், பிளான்ட் தானாக நின்றாலும் நிற்கும்) 50 சதவீத எல்.இ.எல். காலிப்ரேஷன் கேஸ் (அளவு தெரிந்த சோதனை கேஸ்) விடுங்கள். 12 மில்லி ஆம்ப் வர வேண்டும். அது வந்தும் கன்ட்ரோல் ரூம் திரையில் 50 காட்டவில்லை என்றால் டிடெக்டரில் கை வைக்காதீர்கள், பி.எல்.சி.யில் (சிக்னலை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஸ்கேலிங்கை, அதாவது மில்லி ஆம்பைச் சதவீதமாக மாற்றும் கணக்கை, பார்க்கச் சொல்லுங்கள்.