ஊர் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தண்ணீர் யார் கையில் இருந்தது?

தை மாதம் தொடங்கி இதுவரை ஆறு கையெழுத்துப்படிகள் என் மேசைக்கு வந்துவிட்டன. பள்ளி நூற்றாண்டு மலர், குடமுழுக்கு மலர், ஊர்த் தியாகிகள் வரலாறு என்று எல்லாம் டெல்டா கிராமங்களைப் பற்றியவை. ஊர்ப் பாசத்தால் இளைஞர்கள் எழுதியவை. அவற்றில் நான்கு படிகளில் ஏறக்குறைய ஒரே வாக்கியம் இருக்கிறது: “1920-இல் மாகாணத்துக்குச் சுயாட்சி கிடைத்தது; நம் அமைச்சர்கள் மேட்டூர் அணையைக் கட்டித் தந்தார்கள்.” இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வாக்கியத்தை நானே எழுதி அச்சேற்றியிருக்கிறேன்.

ஒற்றுப்பிழை, தேதிப்பிழை எல்லாம் மெய்ப்பு பார்க்கும்போது சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தத் துறை யாரிடம் என்று பாராமல் எழுதுவது

அப்போது நான் எழுதியது ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலர். விழாவுக்கு மூன்று நாட்களுக்கு முன், ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை ஓவர்சியர் ஒருவர் மலரைப் புரட்டிப் பார்த்தார். பதினான்காம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “தம்பி, 1925-இல் ஆறும் வாய்க்காலும் எந்த அமைச்சரிடம் இருந்தன? பெயர் சொல்லுங்கள்” என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. எந்த அமைச்சரிடமும் அவை இல்லை.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது இரட்டையாட்சி. மாகாண அரசின் துறைகளை அது இரண்டாகப் பிரித்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை ஆகியவை ‘மாற்றப்பட்ட துறைகள்’. சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்களிடம் இருந்தன. நிதி, போலீஸ், நிலவரி, நீர்ப்பாசனம் ஆகியவை ‘ஒதுக்கப்பட்ட துறைகள்’. ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவும் வைத்துக்கொண்டார்கள். 1937 வரை இந்த ஏற்பாடுதான்.

இதை டெல்டாவில் வைத்துப் பாருங்கள். வேளாண்மை அமைச்சரிடம் இருந்தது. பயிருக்கு வேண்டிய தண்ணீர் ஆளுநர் குழுவிடம் இருந்தது. 1922-இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது, அது வேளாண்மைத் துறையைச் சேர்ந்தது. விதை நெல்லைப் பற்றி அமைச்சரிடம் பேசலாம். மதகைத் திறக்கச் சொல்லியோ வரியைத் தள்ளச் சொல்லியோ அவரிடம் போய்ப் பயனில்லை. மேட்டூர் அணை வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அந்தத் திட்டத்தை முன்னெடுத்தவர் சி. பி. ராமசாமி ஐயர். அவர் நிர்வாகக் குழுவின் சட்ட உறுப்பினர். சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் அல்லர்.

அறுநூறு பிரதிகள் அச்சாகிவிட்டன. திருத்தச் சீட்டு அடித்து, பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மைதாப் பசை காய்ச்சி ஒவ்வொன்றாக ஒட்டினோம். பசையின் ஈரம் ஏறி அடுத்த பக்கத்துத் தியாகிகள் படத்தில் மை கலைந்தது. படத்தில் தன் தாத்தாவின் முகம் மங்கிப்போனதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். அது இன்றும் என் மனத்தில் உறுத்துகிறது. அதனால்தான் அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் கோபம் வருகிறது.

இதே குழப்பம் வேதாரண்யத்திலும் வந்து நிற்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் புறப்பட்டார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துப் பசியாற்றினார்கள். ஒரு கையெழுத்துப்படி இந்த அடக்குமுறையை அன்றைய சுப்பராயன் அமைச்சரவையின் தலையில் கட்டுகிறது. போலீஸ் எந்தப் பட்டியலில் இருந்தது என்று மேலே ஒருமுறை பாருங்கள்.

அமைச்சர்களால் ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். அறநிலையச் சட்டம் அந்தக் காலத்தில் வந்தது. உள்ளாட்சி கைக்கு வந்ததால்தான் தஞ்சை ஜில்லா போர்டில் அதன் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வத்தால் அவ்வளவு செய்ய முடிந்தது. அவரவர் கையில் இருந்ததை அவரவர் பெயரில் எழுதுங்கள்.

சுயராஜ்யம், டொமினியன் அந்தஸ்து, பூரண சுயராஜ்யம்

மூன்றும் வேறு வேறு. டொமினியன் அந்தஸ்து என்றால் பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி. பூரண சுயராஜ்யம் என்றால் முழு விடுதலை. வெறும் ‘சுயராஜ்யம்’ இரண்டுக்கும் பொதுவாக வழங்கிய சொல். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி கடைசிவரை டொமினியன் அந்தஸ்துக்காக வாதாடிய மிதவாதி. வட்டமேஜை மாநாட்டுக்கும் போனவர். அவரைப் ‘பூரண சுயராஜ்ய வீரர்’ என்று எழுதினால் அவருக்கும் நியாயம் இல்லை, எதிரணியில் நின்றவர்களுக்கும் இல்லை. 1928-இன் நேரு அறிக்கை (மோதிலால் நேரு குழுவினுடையது) கேட்டது டொமினியன் அந்தஸ்து. 1929 அக்டோபர் 31 அன்று வைஸ்ராய் இர்வின் அதைத்தான் இந்தியாவின் இலக்காக அறிவித்தார், நாள் குறிக்காமல். அந்த டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத்துக்குப் போனது. வேதாரண்யம் அதற்குப் பிறகு நடந்தது.

1947 ஆகஸ்ட் 15 அன்றும் இந்தியா டொமினியன்தான். குடியரசானது 1950 ஜனவரி 26 அன்று. இடையில் கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்தவர், வேதாரண்யத்தில் உப்பள்ளிக் கைதான அதே ராஜாஜி.

1937 தேர்தலில் ஊரில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை

சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஓட்டு. மிராசுதாருக்கு இருந்தது, நிலமோ படிப்போ இல்லாத பண்ணையாளுக்கு 1951–52 பொதுத்தேர்தலில்தான் வந்தது.

காரைக்கால்

இங்கே இருந்தது பிரெஞ்சு ஆட்சி, பிரிட்டிஷ் ஆட்சி அல்ல. இந்திய நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1 அன்று.

மாவட்டப் பெயர்

பழைய ஆவணங்களில் வேதாரண்யத்தைத் தஞ்சாவூர் ஜில்லாவில் தேடுங்கள். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-இல்.