மூன்று சின்னக் கிளாஸில் ஏல் திருவிழா: முதல்முறை போகிறவர்களுக்கு

பிரிட்டனில் வெதர்ஸ்பூன் என்ற சங்கிலி பப்களின் ரியல் ஏல் (பீப்பாயிலேயே முதிரும் பாரம்பரிய பீர், காஸ்க் ஏல் என்பதும் இதுதான்) திருவிழா வழக்கமாக 12 நாள் நடக்கும். பட்டியலில் முப்பது ஏல் வரை இருந்தாலும் ஒரே நாளில் அத்தனையும் கிடைக்காது. பீப்பாயிலிருந்து ஏலை இறைத்து ஊற்றும் கைப்பம்பு எத்தனையோ அத்தனை பீப்பாய்தான். ஒன்று தீர்ந்தால்தான் அடுத்தது. எனவே பட்டியலை நம்பாமல் பம்பில் மாட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். அட்டை பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் அந்த ஏல் தீர்ந்துவிட்டது, இல்லையென்றால் இன்னும் தயாராகவில்லை.

1. ஒரு பைன்டில் (568 மி.லி.) மூன்றில் ஒரு பங்காகக் கேளுங்கள். ஒரு கிளாஸ் 189 மி.லி. ஒரு பைன்ட் விலைக்கே மூன்று வகை வாங்கலாம் என்பதுதான் திருவிழாவின் வசதி. செயலியில் ஆர்டர் செய்து மேசையில் காத்திருப்பதைவிட கவுன்டருக்கே போவது மேல். ஏன் என்பது அடுத்த படியில்.

2. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். நிலவறைப் பீப்பாய்க்கும் பம்புக்கும் நடுவே உள்ள குழாயில் எப்போதும் ஏல் தேங்கியிருக்கும், நீளமான குழாயென்றால் ஒரு பைன்டுக்கு மேலேயே. பம்பு வெகுநேரம் சும்மா இருந்தால் அது வெதுவெதுப்பாகி உயிரற்றுப்போகும். முழு பைன்ட் வாங்குகிறவருக்குப் புதிதும் கொஞ்சம் கலந்து வரும். உங்கள் 189 மி.லி. முழுக்க அந்தப் பழையதாகவே இருந்துவிடலாம். பழியோ ஏல் மேல் விழும். அதனால் கடை திறந்த கையோடு போகாதீர்கள். கவுன்டரில் நின்று, அதே பம்பில் யாராவது முழு பைன்ட் வாங்கியதும் உங்களுடையதைக் கேளுங்கள்.

3. நிறத்தை வைத்து வரிசை போடாதீர்கள். கறுப்பாக இருக்கும் மைல்ட் என்ற மென்மையான ஏலில் ஆல்கஹால் பலமுறை 3.5% சுற்றித்தான் இருக்கும், அது முதலில். பிறகு பிட்டர், கோல்டன் வகைகள். கசப்பு தூக்கலான ஐபிஏவையும் 5 சதவீதத்தைத் தாண்டிய போர்ட்டர், ஸ்டவுட் என்ற கறுப்பு வகைகளையும் கடைசிக்கு வையுங்கள். ஐபிஏவில் தொடங்கினால் அதன் பிறகு மைல்ட் வெறும் தண்ணீராகத் தெரியும்.

4. முதலில் மோந்து பாருங்கள், பிறகு ஒரு வாய். காஸ்க் ஏல் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பது. வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதில்லை. பரிமாறும் சூடு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஆகவே குளிரவைத்துத் தரும் லாகர் பீர் போல ஜில்லென்றும் நுரைத்துக்கொண்டும் இல்லையே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது வினிகர் புளிப்பு, ஈர அட்டைப்பெட்டி வாசனை, செத்துக் கிடக்கும் சுவை ஆகியவற்றுக்கு. பீப்பாயிலிருந்து இறக்க இறக்க உள்ளே காற்று புகும். திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கூட்டமுள்ள கிளையைத் தேடிப் போகச் சொல்வது இதனால்தான். கலங்கல் மட்டும் குற்றமல்ல, சில ஏல் கலங்கலாகவே வடிக்கப்படுகிறது. திருவிழாப் பட்டியலில் அந்த ஏலைப் பற்றிய குறிப்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மரியாதையாகச் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

5. நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும். கறி, கார சிப்ஸ் எல்லாம் ருசி பார்த்து முடித்த பிறகு. குறிப்பெடுக்கப் போனைவிட பென்சில் நல்லது, ஈரக் கையோடும் எழுதலாம்.

கணக்கு: மி.லி.யை ஏ.பி.வி.யால் (ஆல்கஹால் சதவீதம்) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட், அதாவது பிரிட்டனில் ஆல்கஹாலை அளக்கும் அலகு. 5% ஏல் மூன்று கிளாஸ் என்றால் சுமார் 2.8. பிரிட்டன் அரசு வாரத்துக்குச் சொல்லும் வரம்பு 14. மூன்று கிளாஸ் ஒரு சுற்று என்று இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் நாக்குக்கும் ருசி பிடிபடாது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: ஈஸ்ட்டை அடியில் படியவைக்கப் பல காஸ்க் ஏல்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்க்கிறார்கள். பம்பு அட்டையில் பெரும்பாலும் அந்த விவரம் இருக்காது. 'வீகனா?' என்று கேளுங்கள், 'வெஜிடேரியனா?' என்றால் சரி என்று தலையாட்டிவிடக்கூடும்.